மெருகு

நாவல் எழுதுகிறவனுக்கு மனிதர்களை எடை போடத் தெரியும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நாளடைவில் அவனும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறான். எனக்கும் அந்த நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. ஒரு காரின் மேல் விழுந்த கீறல்கள்தாம் அதைப் போக்கின.

2018-ஆம் வருஷம் ஒரு கார் வாங்கினோம். "வெள்ளை வாங்குங்கள், இந்த ஊர்த் தூசிக்கு அதுதான் சரி" என்று நாலு பேர் சொன்னார்கள். வீட்டில் கருநீலம்தான் வேண்டும் என்றார்கள். இந்த மாதிரி விஷயங்களில் யார் சொல் நிற்கும் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. கருநீலம் வந்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே, ஒரு குழல்விளக்கின் அடியில் நின்றது. தினமும் விடியற்காலையில் ஒருவர் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போவார். குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு கார்கள் அவர் கணக்கு. காருக்கு மாதம் 500 ரூபாய்.

2023-ல், தை மாதத்தில், ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக்கு வெளியே வெயிலில் காரை நிறுத்தியிருந்தேன். சாப்பாடு முடிந்து, வெற்றிலை பாக்குப் பையும் கையுமாகத் திரும்பி வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பானெட்டின் மேல் சூரியன் பளிச்சென்று விழுந்திருந்தது. அதைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள். எல்லாம் வட்டம். வட்டத்துக்குள் வட்டம். ஐந்து வருஷமாகக் குழல்விளக்கின் கீழே பார்த்து "புதுசு மாதிரியே இருக்கிறது" என்று பெருமைப்பட்ட கார்!

குற்றவாளி யார் என்று யோசிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கை வட்டமாகச் சுற்றித் தேய்த்தால்தானே கீறல் வட்டமாக விழும்? இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்தக் கோர்ட்டில் கிடைக்கும்?

மறுநாள் விடியற்காலையிலேயே கீழே இறங்கிப் போனேன். செல்போன் விளக்கைப் பானெட்டின் மேல் அடித்துக் காட்டினேன்.

"ஏம்பா, இப்படித்தான் வட்டம் வட்டமாப் போட்டுத் தேய்ப்பியா?"

அவர் குனிந்து பார்த்தார். "நான் நேராத்தான் சார் தொடைக்கிறேன்" என்றார்.

"அப்போ இது என்ன?"

"தெரியலே சார்."

அந்தத் "தெரியலே சார்" எனக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலவே ஒலித்தது. மாதம் முடியப் பத்து நாள் இருந்தும் முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பினேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. அதோடு நிற்கவில்லை. மாடியில் இருந்த மூன்று பேரிடம், "உங்கள் காரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள்" என்று சொன்னேன். பார்த்தார்கள். அவர்களும் அவரை நிறுத்தினார்கள்.

கீறலை என்ன செய்வது என்பது அடுத்த கவலை. நகரில் ஒரு பாலிஷ் கடையில் விட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடை விளக்கில் என் முகத்தின் சுருக்கங்கள்வரை அதில் தெரிந்தன. காலையில் வெளியே எடுத்தேன். சிலந்தி வலை போயிருந்தது. அதற்குப் பதிலாக, பட்டுப் புடவையைத் திருப்பும்போது ஓடுமே ஒரு நிழல், அதுபோல் வரிவரியாய் ஏதோ ஒன்று பானெட்டின் மேல் ஓடியது. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. பானெட்டின் ஓரத்தில் ஓர் இடம் மட்டும் மங்கலாக இருந்தது.

கார் விஷயங்கள் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் காட்டாமல் இனி இதைத் தொடாதீர்கள்" என்றார்.

புதுப்பேட்டைச் சந்துகளைப் பற்றிச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுக் கார் ஒன்று உள்ளே போனால் ஆயிரம் துண்டாக வெளியே வரும் இடம் அது. அதன் நடுவில், ஒரு வேப்பமரத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். கூட அவருடைய அக்கா மகன், இருபத்தைந்து வயதுப் பையன். பெரியவர் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். மங்கலாக இருந்த ஓரத்தை விரலால் தடவினார்.

"அவசரக்காரன் கை பட்டிருக்கு" என்றார். "சார், கீறலை யாரும் அழிக்க முடியாது. தெரியுமா?"

விழித்தேன்.

"கீறல்ங்கிறது பள்ளம். பள்ளத்தை மூட வழி கிடையாது. சுத்தி இருக்கிற தரையை, பள்ளத்தோட அடிமட்டத்துக்கு இறக்குறோம். அவ்வளவுதான் பாலிஷ். பெயிண்டு போறதுதான் மெருகு. போனது திரும்பி வராது."

பையன் உள்ளே போய்ச் சின்னக் கருவி ஒன்றை எடுத்து வந்து பானெட்டின் மேல் வைத்தான். பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவி அது. நடுவில் 110 என்று காட்டியது. மங்கலான ஓரத்தில் 84. மைக்ரான் கணக்கு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒன்று. நம் தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். ஆக, காரின் தகரத்துக்கும் உலகத்துக்கும் நடுவே இருக்கிற பெயிண்டு எல்லாம் சேர்ந்தே ஒன்றரை முடிதான். அதிலும் அடிப்பூச்சுகள் உண்டு, நிறம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். அது பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். பளபளப்பு அதில்தான் இருக்கிறது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். கீறல்கள் விழுந்திருந்ததும் அதில்தான். கருவியோ மொத்தக் கனத்தைச் சொல்லுமே தவிர, கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லாது.

"அந்தக் காலத்து அம்பாசடர்ல இந்தக் கவலை இல்ல சார்" என்றார் பெரியவர். "மேலே பூச்சு கிடையாது, நிறமே மேலேதான். தேய்ச்சா துணியிலே கலர் வரும். எவ்வளவு போகுதுன்னு கண்ணாலே தெரியும். இப்ப போறது கண்ணுக்குத் தெரியறதில்ல. அதனாலதான் பயம்."

எந்த மிஷினால் தேய்ப்பது என்பதில் மாமனுக்கும் மருமகனுக்கும் பல வருஷ வழக்கு. என் கார் அதற்கு ஒரு வாய்தாவாக அமைந்தது.

பாலிஷ் மிஷின்கள் பல பெயர்களில் வருகின்றன. ஆனால் இனம் மூன்றுதான். பெரியவர் கையில் இருந்தது ரோட்டரி. சாணைக்காரர் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு நடுவில், சக்கரம் அதே இடத்தில் சுழல்கிறது. நிமிஷத்துக்கு 600 சுற்றிலிருந்து 3000 வரை போகும். 18 சென்டிமீட்டர் அகலமுள்ள கம்பளித் திண்டை மாட்டி, 1500 சுற்றில் விட்டால், திண்டின் விளிம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பெயிண்டின் மேல் ஓடுகிறது. அண்ணா சாலையில் என் காரே பகலில் அந்த வேகத்தில் போனது கிடையாது! அந்த உராய்வு முழுவதும் ஒரே இடத்தில் சூடாகச் சேரும். நாலு விநாடி அங்கேயே நின்றால் போதும். ஓரங்களிலும் மடிப்புகளிலும் திண்டின் முழு அழுத்தமும் ஒரு கோட்டில் விழுவதால், கிளியர் கோட் அங்கே முதலில் போய்விடும். பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவ வழியில்லை. அங்கே இன்னும் சீக்கிரம். ஆனால் ஆழமான கீறலை எடுக்க இதற்கு ஈடு கிடையாது.

பையன் கையில் இருந்தது டூயல் ஆக்‌ஷன். இதில் திண்டு அச்சின் நடுவில் இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது. ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிய பாட்டிமாரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழவி குழியைச் சுற்றி வருகிறது. வரும்போதே கைக்குள் தானாகவும் திரும்பிக்கொள்கிறது. யாரும் அதைத் திருப்புவதில்லை. அதே தத்துவம்தான். திண்டு ஒரே தடத்தில் இரண்டு முறை போகாது. ஆகையால் சூடும் ஓர் இடத்தில் சேராது. சுற்றும் வட்டத்தின் குறுக்களவைக் கொண்டு ரகம் பிரிக்கிறார்கள். மரம் இழைக்கும் கருவியின் வம்சத்தில் வந்த அமெரிக்கப் போர்ட்டர்-கேபிளில் 8 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 2500-லிருந்து 6800 அசைவுகள். 1947-ல் மிலானில் ஆரம்பித்த ரூபெஸ் கம்பெனியின் மிஷின்களில் 15, 21 என்று பெரிய வட்டங்கள் உண்டு. பெரிய வட்டம் விசாலமான பானெட்டுக்கும் கூரைக்கும் நல்லது. சின்ன வட்டம் வளைவு நெளிவுக்கு.

இதற்கு ஒரு குறை உண்டு. மேலே பலமாக அழுத்தினாலோ, வளைவில் சாய்த்துப் பிடித்தாலோ, திண்டு திரும்புவதை நிறுத்திவிடும். வெறுமனே நடுங்கும்; சத்தம் வரும், வேலை நடக்காது. அதற்காகத் திண்டு மாட்டும் தட்டின் விளிம்பில் பையன் மையால் ஒரு கோடு போட்டிருந்தான். கோடு சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே தேய்த்தான்.

மூன்றாவது இனம் பல்சக்கரம் வைத்தது. குழவியை மோட்டாரோடு கட்டிவிட்ட மாதிரி: சுற்றியும் வரும், கட்டாயமாகத் திரும்பவும் செய்யும், அழுத்தினாலும் நிற்காது. 1922-ல் தோன்றிய ஜெர்மானிய ஃபிளெக்ஸ் கம்பெனியின் மிஷின் இதில் பேர் பெற்றது. ஜெர்மன் மொழியில் இரும்பை மிஷினால் அறுப்பதற்கே 'ஃபிளெக்ஸன்' என்று சொல்லும் அளவுக்கு வழக்கத்தில் கலந்துவிட்ட பெயர் அது. வேகத்தில் ரோட்டரிக்கும் டூயல் ஆக்‌ஷனுக்கும் நடுவே நிற்கிறது. ஆனால் கையை இழுக்கும். பிடிக்கத் தெரிய வேண்டும். அந்தப் பட்டறையில் அது இல்லை.

பானெட்டின் நடுவே காகித நாடாவை ஒட்டி இரண்டு பாகமாகப் பிரித்தார்கள். ஓரங்களையும் நாடாவால் மூடினார்கள். "ஏற்கெனவே 84-க்கு வந்த இடம். அங்கே யாரும் மிஷின் வைக்கப்படாது" என்று பெரியவர் கட்டளை. முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, களிமண் போன்ற ஓர் உருண்டையால் ஒட்டிக்கொண்டிருந்த மண்ணையெல்லாம் எடுத்தார்கள். பிறகு வலது பாகம் மாமனுக்கு, இடது பாகம் மருமகனுக்கு.

பெரியவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! கனமான மிஷின் அவர் கையில் ஒரு பூனைக்குட்டி மாதிரி இருந்தது. ஒரு விநாடிகூட ஓரிடத்தில் நிற்கவில்லை. நடுநடுவே புறங்கையைப் பானெட்டின் மேல் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் பாகம் முடிந்தது. பையன் அரை மணிக்கு மேல் எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு சாண் சதுரமாக, நெடுக்காகவும் குறுக்காகவும் போனான்.

பிறகு சாராய வாசனை அடிக்கும் ஒரு திரவத்தால் இரண்டு பக்கத்தையும் துடைத்தான் பையன். "பாலிஷ்ல இருக்கிற எண்ணெய் கீறலை மறைச்சுடும் சார். முதல்ல நீங்க போன கடையிலே ராத்திரி பளபளன்னு தெரிஞ்சது பாதி அந்த எண்ணெய்தான்" என்றான். காரை வெயிலுக்குத் தள்ளினோம்.

பெரியவர் பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் பட்டின் ஓட்டம் போல மிக மெல்லிய ஒரு நிழல் இருந்தது. கம்பளித் திண்டின் தடங்கள் எல்லாம் ஒரே திசையில் போவதால் வருவது. பையன் பக்கத்தில் நிழலே இல்லை. ஆனால் ஆழமான இரண்டு மூன்று கீறல்கள் அப்படியே நின்றன.

"பாத்தீங்களா மாமா?" என்றான் பையன்.

"நீயும் பாத்துக்கடா" என்றார் அவர், நின்ற கீறலைக் காட்டி.

பிறகு சமாதானமாயிற்று. பெரியவரின் தடத்தை மென்மையான நுரைத்திண்டு வைத்துப் பையன் எடுத்துவிட்டான். பையன் விட்ட கீறல்களில் ஒன்றைப் பெரியவர் எடுத்தார். மற்றதை நகத்தால் தடவி, "நகம் தட்டுது. இதை எடுக்கப் போனா நிறம் தெரிஞ்சிடும். இது இருக்கட்டும் சார், வண்டிக்கு அழகு கெடாது" என்று விட்டுவிட்டார்.

எது நல்ல மிஷின் என்று கேட்டேன். பெரியவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "என் மிஷின் தப்பை மன்னிக்காது. அவன் மிஷின் மன்னிக்கும். நீங்க வாங்கறதா இருந்தா அவனோடதை வாங்குங்க." வீட்டில் தானே செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல புத்திமதி எனக்குத் தெரியாது. 15 மில்லிமீட்டர் வட்டமுள்ள டூயல் ஆக்‌ஷன், மென்மையான திண்டு, ஒரு சாண் இடத்தில் பரீட்சை. அதில் போதவில்லை என்றால் மட்டுமே அடுத்த கடுமை.

இதோடு கட்டுரை முடிந்திருக்க வேண்டும். ஆனால் புறப்படும் சமயத்தில் நான் வாயைத் திறந்தேன். "துடைக்கிறவன் வட்டமாகத் தேய்த்ததால் வந்த வினை" என்றேன்.

பையன் சிரித்தான். மிஷின் படாத கதவின் மேல் டார்ச் விளக்கை அடித்தான். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி அதே வலை, அதே வட்டம். விளக்கை ஒரு முழம் நகர்த்தினான். வட்டமும் ஒரு முழம் நகர்ந்தது!

"கீறல் நகருமா சார்?" என்றான். "கீறல் எல்லாத் திசையிலேயும் நேராத்தான் இருக்கு. அதிலே வெளிச்சத்துக்குக் குறுக்கே இருக்கிறது மட்டும்தான் மின்னும். அதெல்லாம் சேர்ந்து விளக்கைச் சுத்தி வட்டம் மாதிரி தெரியுது. வட்டம் வண்டியிலே இல்ல சார்."

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்து விளக்கடியில் பிடித்தேன். விளக்கைச் சுற்றி வட்டம். தட்டைச் சாய்த்தேன், வட்டமும் கூடவே போயிற்று. மழை விட்ட ராத்திரியில் தெருவிளக்குக்கு முன்னால் நிற்கும் மரத்தின் ஈரக் கிளைகளும் விளக்கைச் சுற்றிக் கூடு கட்டியதுபோல் தெரியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கதையில் வர்ணித்துக்கூட இருக்கிறேன். எந்த மரமும் அப்படிக் கிளை விடுவதில்லை என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அவர் நேராகத்தான் துடைத்திருக்கிறார். அப்படியானால் கீறல் எப்படி வந்தது? உலர்ந்த தூசியில் மணல் இருக்கிறது. மணல் கிளியர் கோட்டைவிடக் கடினம். தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்காமல் துணியால் இழுத்தால், யார் இழுத்தாலும், எந்தத் திசையில் இழுத்தாலும் கீறத்தான் செய்யும். சரி, தண்ணீர் ஏன் ஊற்றவில்லை?

இந்த இடத்தில் எனக்கு வியர்த்தது. 2019-ஆம் வருஷக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அப்போது எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: கார் துடைக்க மொத்தத்துக்கும் ஒரே வாளித் தண்ணீர். பன்னிரண்டு காருக்கு ஒரு வாளி. அன்று அது நியாயம். பிறகு மழை பெய்தது, ஏரி நிறைந்தது. தீர்மானத்தை ரத்து செய்ய மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தீர்மானத்தை எழுதியவன் நான். சங்கத்தில் எழுத்தாளன் என்று ஒருவன் இருந்தால் எழுதுகிற வேலை அவனுக்குத்தானே வரும்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு நாள் படியிறங்கிப் போகும்போது அவர் என்னிடம், "சார், ஓஸ் பைப்பு கொடுத்தா நல்லாருக்கும் சார்" என்றார். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு எவர்சில்வர் தட்டையும் டார்ச் விளக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். வட்டத்தை நகர்த்திக் காட்டினேன். சிலர் சிரித்தார்கள். நான் கெடுத்துவைத்த மூன்று பேரும் சிரிக்கவில்லை. ஒரு வாளித் தீர்மானத்தை ரத்து செய்து, ஓஸ் வாங்குவதென்று முடிவாயிற்று. அந்தத் தீர்மானத்தையும் நானே எழுதினேன்.

அவரைத் தேடிக்கொண்டு போனேன். இரண்டு தெரு தள்ளி, வேறொரு குடியிருப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் இடத்தில் நாலு கார் போனபின், மிச்சத்தையும் விட்டுவிட்டு அங்கேயே போய்விட்டாராம். நான் விஷயத்தைச் சொன்னேன். நான் எழுதும் கதைகளில் இந்த மாதிரி இடத்தில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர் துணியைப் பிழிந்து பக்கெட்டின் மேல் போட்டுவிட்டு, "பரவாயில்ல சார். வண்டி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நன்றாக இருக்கிறது. நீங்கள் திரும்பி வர வேண்டும்" என்றேன். அவரை நான் "நீங்கள்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சுவரோரமாகச் சுருட்டி வைத்திருந்த பச்சை நிறக் குழாயைக் காட்டினார்.

"இங்கே ஓஸ் இருக்கு சார்" என்றார்.